ஐசி எண் முதல் முகம் வரை: கொடுத்த காரியம் ஒன்று, போன இடம் வேறு

2024 டிசம்பர் 9-ஆம் தேதி, சிங்கப்பூரில் அக்ரா எனப்படும் கணக்கியல், நிறுவன ஒழுங்குமுறை ஆணையம் புதிய பிஸ்ஃபைல் இணையத்தளத்தைத் திறந்தது. நிறுவனப் பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவரைத் தேடினால் அவருடைய முழு ஐசி (அடையாள அட்டை) எண்ணும் இலவசமாக வந்து நின்றது. எப்போதோ ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி மூடியவர்கள், அண்ணன் கடையில் பங்குதாரராகக் கையெழுத்துப் போட்டவர்கள், முன்னாள் இயக்குநர்கள் என்று பலருடைய எண்கள் அங்கே இருந்தன. 13-ஆம் தேதி அந்தத் தேடல் வசதி நிறுத்தப்பட்டது. அதற்குள் ஏறக்குறைய 5 லட்சம் தேடல்கள் நடந்துவிட்டன. 19-ஆம் தேதி அமைச்சர்கள் ஜோசஃபின் டியோவும் இந்திராணி ராஜாவும் செய்தியாளர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கையை அக்ரா தவறாகப் புரிந்துகொண்டதும் ஒரு காரணம் என்று பின்னர் ஆய்வுக் குழு சொன்னது.

சண்டை அதற்கு முன்பே சூடுபிடித்துவிட்டது. "ஐசி எண் என்ன ரகசியமா? பெயர் மாதிரிதானே?" என்றது ஒரு தரப்பு. அமைச்சின் விளக்கமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் இருந்தது. "அப்படியா? அப்படியென்றால் உங்கள் எண்ணை இங்கே போடுங்கள், பார்ப்போம்" என்றது எதிர்த்தரப்பு. இரண்டு தரப்புக்கும் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியை யாரும் பேசவில்லை.

நீங்கள் யார் என்று சொல்வது ஒரு வேலை. அது நீங்கள்தான் என்று நிரூபிப்பது வேறு வேலை. ஐசி எண் முதல் வேலைக்காகப் படைக்கப்பட்டது. ஒரே வட்டாரத்தில் மூன்று முகமது ரஃபீக்கும் நான்கு லட்சுமியும் இருந்தால் பிரித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காலப்போக்கில் ஆளாளுக்கு அதையே சாவியாக்கிவிட்டார்கள். காப்பீட்டு ஆவணம் மின்னஞ்சலில் வரும். கடவுச்சொல் உங்கள் ஐசியின் கடைசி நான்கு எழுத்துகளும் பிறந்த தேதியும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் "ஐசி நம்பர் சொல்லுங்க" என்பார்கள். சொன்னதும் நம் கணக்கு விவரம் முழுக்கத் திறந்துவிடும். எண்ணை அறிந்தவர் எல்லாம் அதன் சொந்தக்காரர் என்று நம்புகிற ஏற்பாடு இது. அதே எண்ணைத்தான் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் எழுதி, பேரங்காடி வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியின் நோட்டில், நமக்கு முன்னால் வந்தவருடைய எண்ணைப் படித்துக்கொண்டே நம் எண்ணை எழுதினோம். 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் சட்டத் தேவையோ அவசியமான காரணமோ இல்லாமல் ஐசி எண்ணைக் கேட்கக் கூடாது என்று ஆனது. அப்புறம் எல்லாரும் கடைசி மூன்று இலக்கத்தையும் எழுத்தையும் மட்டும் காட்டி, மீதியை நட்சத்திரக் குறியால் மறைத்தார்கள்.

அந்த மறைப்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்ணில் ஏழு இலக்கங்கள். 1968 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. கடைசி மூன்றைத்தான் நாமே காட்டிவிடுகிறோம். தெரியாமல் இருப்பது நடுவில் இரண்டே இரண்டு, அதாவது 100 வாய்ப்புகள். கடைசி எழுத்து ஒரு சூத்திரப்படி இலக்கங்களிலிருந்து வருவது. அதற்கு 11 எழுத்துகள்தான் உண்டு, சூத்திரமும் இணையத்தில் பல காலமாகக் கிடைக்கிறது. அதை வைத்து வடிகட்டினால் 100 என்பது ஒன்பது, பத்தாகச் சுருங்கிவிடும். உங்கள் பிறந்தநாள் வாழ்த்துப் படம் ஃபேஸ்புக்கில் இருந்தால் ஆண்டும் கிடைத்துவிடும். ஆக, மறைத்த எண் பாதுகாப்பானது என்பது ஒரு நம்பிக்கைதான். அமைச்சு சொன்னதில் இந்தப் பகுதி சரியே. ஆனால் பூட்டை மாற்றுவதற்கு முன்பே சாவியைத் தெருவில் வைத்தது யார் என்று மக்கள் கேட்டதும் சரிதான்.

இந்த விவகாரத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது எண் கசிந்தது அல்ல. ஒரு காரியத்துக்காகக் கொடுத்தது இன்னொரு காரியத்துக்குப் போய்விட்டது என்பதுதான். தனியுரிமை பற்றி இங்கே நடக்கும் வாக்குவாதங்கள் எல்லாம் ரகசியத்தையே சுற்றி வருகின்றன. "எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை" என்கிறவரும் ரகசியத்தைப் பற்றித்தான் பேசுகிறார். "எல்லாரும் நம்மை வேவு பார்க்கிறார்கள்" என்கிறவரும் அதையே பேசுகிறார். ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எதிர்வீட்டில் சாவி கொடுக்கிறோம். வீட்டில் ஒளிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், அவர் அந்தச் சாவிக்கு நகல் எடுத்து வீட்டுத் தரகரிடம் கொடுத்தால் சும்மா இருப்போமா?

டிரேஸ்டுகெதர் கதை இதற்குச் சரியான சாட்சி. கொவிட் பரவிய காலத்தில், 2020 மார்ச் 20-ஆம் தேதி வந்த செயலி அது. இரண்டு போன்கள் பக்கத்தில் இருந்தால் புளூடூத் வழியாக ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும், இருப்பிடத்தைப் பதியாது, 25 நாள் கடந்த பதிவுகள் அழிந்துவிடும். தொழில்நுட்ப ரீதியில் கண்ணியமான வடிவமைப்பு என்றே சொல்வேன். கிருமித் தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்க மட்டுமே இந்தத் தகவல் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. அதை நம்பித்தான் முக்கால்வாசிப் பேருக்கு மேல் செயலியை ஏற்றிக்கொண்டார்கள், அல்லது கழுத்திலும் பையிலும் அதே வேலையைச் செய்யும் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

2021 ஜனவரி 4-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்ன துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் போலீசார் இந்தத் தகவலையும் கேட்டுப் பெறலாம் என்றார். மறுநாள் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், முன்பு உறுதி கூறியபோது அந்தச் சட்டத்தைத் தாம் நினைத்துப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு கொலை வழக்கில் அந்த அதிகாரம் ஏற்கெனவே பயன்பட்டிருந்தது என்பதும் வெளிவந்தது. அப்புறம் கிளம்பியது விவாதம். "கொலைகாரனைப் பிடிக்க உதவினால் என்ன தப்பு?" என்று கேட்டவர்கள் ஏராளம். தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதலிலேயே அப்படிச் சொல்லியிருக்கலாமே என்பதுதான் எதிர்வாதம். அரசாங்கமும் அதன் கனத்தை உணர்ந்தது. பிப்ரவரி 2-ஆம் தேதியே சட்டம் திருத்தப்பட்டு, ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம் என்று வரம்பு வந்தது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் இப்படித் தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை. அதற்கான பாராட்டையும் கொடுக்கத்தான் வேண்டும். 2023 பிப்ரவரியில் திட்டம் முடிவுக்கு வந்தது.

அந்தக் காலத்து விவாதத்தில் அதிகம் காதில் விழாத குரல் ஒன்று உண்டு. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து துவாஸ், காக்கி புக்கிட் தங்குவிடுதிகளில் இருந்த நம் ஊழியர்களுடைய குரல். 2020 நடுவில் அவர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் போனில் டிரேஸ்டுகெதர், வேலை அனுமதி விவரத்தைக் காட்டும் எஸ்ஜிஒர்க்பாஸ், உடல்நிலையைப் பதிவு செய்யும் இன்னொரு செயலி என்று மூன்றும் இருந்தாக வேண்டும். மற்றவர்களுக்கு அப்போது அது விருப்பம். கடைத்தொகுதிக்குள் நுழையவே அது வேண்டும் என்று நமக்கு ஆனது 2021 மே மாதத்தில்தான். சம்மதம் என்பதைப் பற்றி மணிக்கணக்கில் எழுதுகிறவர்கள், சம்மதிக்காவிட்டால் சம்பளமில்லை என்ற நிலையில் இருந்தவர்களை அந்தக் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

சரி, அரசாங்கத்தை விடுவோம். தனியார் பக்கம் பார்த்தால் இந்தக் காரிய மாற்றமே தொழிலாக இருக்கிறது. 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற அமெரிக்கச் செய்தித்தளம் ஒரு தகவலை வெளியிட்டது. தொழுகை நேரமும், தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா திசையும் காட்டும் முஸ்லிம் புரோ செயலி, பயனாளர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்கு அனுப்பிவந்தது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களும் இருந்தார்கள். முஸ்லிம் புரோவை உருவாக்கிய பிட்ஸ்மீடியா சிங்கப்பூர் நிறுவனம். ராணுவத்துக்குத் தாங்கள் நேரடியாக எதையும் விற்கவில்லை என்று மறுத்த நிறுவனம், எக்ஸ்-மோடுடன் உறவைத் துண்டித்துக்கொண்டது. இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் விசாரிப்பதாகச் சொன்னது.

இதன் இயக்கம் எளிமையானது. செயலி எழுதுபவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதித் தரும் சிறு நிரல் தொகுப்புகளைத் தம் செயலிக்குள் வைத்துக்கொள்வார். தரகு நிறுவனமும் அப்படி ஒரு தொகுப்பைத் தரும். அது உள்ளே உட்கார்ந்துகொண்டு போனின் இருப்பிடத்தை நேராகத் தரகருக்கு அனுப்பும். எத்தனை பயனாளர்களோ அதற்கேற்பச் செயலிக்காரருக்குப் பணம். "இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்று போன் கேட்டபோது நாம் அனுமதித்தது தொழுகை நேரத்துக்காக, பொழுது சாயும் நேரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அது நியாயமான தேவைதான். அதே அனுமதியின் முதுகில் ஏறிக்கொண்டு வேறொருவர் போய்விடுகிறார்.

பெயர் போகவில்லையே, வெறும் புள்ளிகள்தானே என்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் சூலியா பள்ளிவாசலில் ஒரு புள்ளி நிற்கிறது. மற்ற நாள் பகலில் அது ராபின்சன் ரோட்டில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இருக்கிறது. இரவெல்லாம் உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் அசையாமல் கிடக்கிறது. இந்த மூன்று இடத்துக்கும் பொதுவான ஆள் சிங்கப்பூரில் எத்தனை பேர் இருப்பார்கள்? பெயர் எதற்கு? 2024 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், எக்ஸ்-மோடும் அதன் வாரிசு நிறுவனமும் வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்ற இடங்களைக் காட்டிக்கொடுக்கும் தகவலை விற்கத் தடை போட்டது. செய்தி வெளிவந்து மூன்று வருடங்களுக்கு மேல் கழித்து.

இந்த இடத்தில் கோப்பிக்கடைகளில் தவறாமல் கேட்கும் ஒரு வாதத்தையும் தீர்த்துவிடலாம். "நேற்று திருச்சி டிக்கெட் பற்றித் தங்கச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். இன்று போனைத் திறந்தால் திருச்சி விமான விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறது!" நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மைக்கைத் திருட்டுத்தனமாகத் திறந்து பேச்சை அனுப்பிய செயலி ஒன்றுகூட அதில் சிக்கவில்லை. பயனாளர் என்ன செய்கிறார் என்று திரையையே படம்பிடித்து வெளியே அனுப்பிய சில செயலிகள்தான் சிக்கின. அது இன்னும் மோசம் என்று சொல்லலாம்.

ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை. தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கிறது. நீங்கள் தமிழ்ப் பாட்டுக் கேட்கிறீர்கள். போன வருடம் இதே நேரத்தில் உங்கள் போன் பத்து நாள் திருச்சியில் இருந்தது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பணம் அனுப்பும் கடைக்குப் பக்கத்தில் அடிக்கடி நிற்கிறது. உங்கள் தங்கச்சி நேற்றிரவு, பேசி முடித்த கையோடு, உங்கள் வீட்டு வைஃபையிலேயே டிக்கெட் விலையைத் தேடிப் பார்த்திருக்கிறார். இத்தனை தெரிந்தபின் உங்களுக்குத் திருச்சி விளம்பரம் காட்டாவிட்டால்தான் அந்த விளம்பர இயந்திரம் பழுது. ஒட்டுக்கேட்கும் கதை பிடித்திருப்பதற்குக் காரணம், அதில் ஒரு திருடன் இருக்கிறான். அனுமதி பெற்ற கணக்குப்பிள்ளையை நம்மால் அப்படித் திட்ட முடிவதில்லை.

"என் தகவலை வைத்துச் சம்பாதிக்கிறார்கள், எனக்குப் பங்கு கொடுக்கட்டும்" என்ற வாதமும் அடிக்கடி வரும். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு உதைக்கிறது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஆகியவற்றின் தாய் நிறுவனமான மெட்டா 2023-இல் ஈட்டிய வருமானம் ஏறக்குறைய 135 பில்லியன் அமெரிக்க டாலர், கிட்டத்தட்ட முழுவதும் விளம்பரத்திலிருந்து. ஆனால் அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் அமெரிக்கா, கனடாவில் ஒரு ஃபேஸ்புக் பயனாளரால் சராசரியாக 68 டாலர் கிடைத்தபோது, ஆசிய பசிபிக் வட்டாரத்தில் கிடைத்தது ஐந்தரை டாலர். இந்தியா, இந்தோனேசியா எல்லாம் சேர்ந்த சராசரி அது. சிங்கப்பூர் அதைவிட மேலேதான் இருக்கும். இருந்தாலும் பாதியை உங்களிடம் கொடுத்தால் என்ன வரும்? மாதத்துக்கு ஒரு பிரியாணி வந்தால் பெரிது. தனி ஒருவருடைய தகவலுக்கு விலை கிடையாது; கோடிக்கணக்கானோரை ஒப்பிட்டு ஊகிக்க முடிவதில்தான் விலை இருக்கிறது. அதனால் பங்கு கேட்பதைவிட, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் உரிமையைக் கேட்பது நமக்கு லாபம். அந்த உரிமையின் பெறுமானத்தை ஆப்பிள் தெரியாமலே அளந்து காட்டியது. 2021 ஏப்ரலில் ஐபோனில் ஒரு சின்னக் கேள்விப்பெட்டி வந்தது: இந்தச் செயலி பிற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா? பலர் வேண்டாம் என்று தட்டினார்கள். அடுத்த ஆண்டில் அதனால் சுமார் 10 பில்லியன் டாலர் வருமானம் போகும் என்று மெட்டாவே மதிப்பிட்டது. (ஆப்பிளின் சொந்த விளம்பரத் தொழில் பக்கத்திலேயே வளர்ந்தது வேறு கதை.)

2021 தொடக்கத்தில் வாட்ஸ்அப் புதுத் தனியுரிமைக் கொள்கையை நீட்டியபோது குடும்பக் குழுக்கள் கூண்டோடு டெலிகிராமுக்குக் குடிபெயர்ந்ததும் இந்தக் குழப்பத்தில் சேர்த்திதான். வாட்ஸ்அப்பில் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் செய்தியைப் படிக்க முடியாத மறையாக்கம் 2016 முதல் இருக்கிறது. டெலிகிராமின் சாதாரண உரையாடலில் அது இல்லை. மக்கள் பயந்தது செய்தியைப் படிப்பார்களோ என்று. கொள்கை பேசியதோ கடைகளுடன் நாம் நடத்தும் உரையாடல்களைப் பற்றியும், மெட்டாவின் பிற சேவைகளோடு பகிரப்படும் கணக்கு விவரங்களைப் பற்றியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2012-இல் இயற்றப்பட்டு, முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், சொன்ன காரியத்துக்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் 2021 பிப்ரவரியில் வந்த திருத்தம் அதில் சில வாசல்களைத் திறந்தது. புதிய காரியத்தைப் பற்றி அறிவித்து, நியாயமான அவகாசத்துக்குள் நீங்கள் மறுக்காவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம். மின்னஞ்சல் பெட்டியில் படிக்காமல் கிடக்கும் "எங்கள் கொள்கையைப் புதுப்பித்துள்ளோம்" கடிதங்களை யோசித்துப் பாருங்கள். தகவலைத் திருத்தக் கேட்கலாம், சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஐரோப்பாவில் இருப்பதுபோல், அழித்துவிடு என்று கேட்கும் தனி உரிமை இங்கே கிடையாது.

அபராதம் இன்னொரு குறை. வாடகை வாகனச் செயலியான கிராப்பில் 2019-இல் நடந்த ஒரு பிசகில் 21,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் பிறர் கண்ணில் படும் நிலை வந்தது. அது அந்நிறுவனத்தின் நான்காவது மீறல். அபராதம் 10,000 வெள்ளி. ஆளுக்கு அரை வெள்ளிகூட இல்லை. 2018-இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளில் நடந்த ஊடுருவலில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவுபோனதற்கு, சிங்ஹெல்த்துக்கு இரண்டரை லட்சமும் அதன் கணினிகளைக் கவனித்த நிறுவனத்துக்கு ஏழரை லட்சமும் விதித்தார்கள். அன்றைக்கு அதுவே மிகப் பெரிது. 2022 அக்டோபர் முதல் பெரிய நிறுவனங்களுக்கு உள்ளூர் வருவாயில் 10 விழுக்காடு வரை விதிக்கலாம் என்று உச்சவரம்பு ஏறியிருக்கிறது. அரசாங்க அமைப்புகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அவற்றுக்கு 2018-ஆம் ஆண்டின் வேறொரு சட்டமும் உள்விதிகளும் உண்டு. தகவலை வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தும் ஊழியர் சிறைக்கும் போகலாம். ஆனால் அக்ரா செய்ததை ஒரு தனியார் கம்பெனி செய்திருந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் கேட்டிருக்கும் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இப்போது காற்று வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2024-இல் மட்டும் இங்கே மோசடிகளில் மக்கள் இழந்தது 110 கோடி வெள்ளி. அமைச்சர்களின் முகத்தைத் திருடிப் போலி முதலீட்டு விளம்பரம் போடுகிறவர்களை ஏன் ஃபேஸ்புக் தடுக்கவில்லை என்று மக்கள் கொதிக்கிறார்கள், நியாயமாகவே. இணையவழிக் குற்றத் தீங்குகள் சட்டத்தின்கீழ் 2025 செப்டம்பரில் மெட்டாவுக்கு உத்தரவு போனது: முக அடையாளத் தொழில்நுட்பத்தை இன்னும் தீவிரமாகப் பயன்படுத்தி இந்த ஆள்மாறாட்டத்தை நிறுத்து, இல்லாவிட்டால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம். இதே நிறுவனம்தான் 2021 நவம்பரில், தனியுரிமைக்காரர்களின் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு, முக அடையாள வசதியை மூடி 100 கோடிக்கும் மேற்பட்டோரின் முகப் பதிவுகளை அழிப்பதாக அறிவித்தது. அன்று வெளியே போன தொழில்நுட்பத்தை இன்று அரசாங்கமே உள்ளே அழைக்கிறது. மோசடியில் பணம் இழந்த ஒருவரிடம் போய் இது தவறு என்று வாதாட என்னால் முடியாது. ஒப்பிட்டு முடித்ததும் முகத் தகவலை அழித்துவிடுவதாகவும், வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை என்றும் மெட்டா சொல்கிறது. டிரேஸ்டுகெதருக்கு முதலில் கிடைத்ததும் அந்த மாதிரி ஒரு வாக்குதான். சட்டமாக அது மாற, நாடாளுமன்றத்தில் யாரோ ஒருவர் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.